பழைய டிரான்ஸ்பரன்சிகளை ஸ்கேன் செய்தால் அச்சில் உயிர் போய்விடுகிறது: அந்தக் கால ஸ்கேனர் ஆபரேட்டர்கள் என்னதான் செய்தார்கள்?

கேள்வி: வண்ணப்பிழை (சிவகாசி)

அனைவருக்கும் வணக்கம். சிவகாசியில் நாள்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றின் பிரிப்ரஸ் (அச்சுக்கு முந்தைய தயாரிப்பு) பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டிஜிட்டல் கேமராவில் எடுத்து வரும் படங்களை மட்டுமே கையாண்டு பழகியவன். சென்ற மாதம் எங்கள் நெடுநாள் பார்ட்டி ஒருவர், தம் கடைக்கு 1980களில் போட்ட சாமி படங்களையே மறுபடியும் போட வேண்டும் என்று, 4×5 அங்குல டிரான்ஸ்பரன்சிகள் (ஒளி ஊடுருவும் வண்ணப் பிலிம் படங்கள்) பதினொன்றையும், அட்டையில் போஸ்டர் கலரால் தீட்டிய ஓவியங்கள் மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். காலண்டரின் அளவு 20×30 அங்குலம்.

எங்களிடம் டிரான்ஸ்பரன்சி மூடி உள்ள பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. அதில் தானியங்கி அமைப்பிலேயே ஸ்கேன் செய்து, போட்டோஷாப்பில் நான்கு வண்ணத்துக்கு மாற்றிப் புரூஃப் (சோதனை அச்சு) எடுத்தேன். கண்ணனின் நீலம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. யசோதையின் கூந்தலும் அதிலிருந்த நாகர் ஜடையும் ஒரே கருப்புக் குழம்பாகக் கலந்துவிட்டன. முகங்கள் வெயிலில் காய்ந்தவை போலச் சிவந்துவிட்டன. இதே டிரான்ஸ்பரன்சிகளிலிருந்து அந்தக் காலத்தில் அச்சிட்ட காலண்டர் ஒன்றையும் பார்ட்டி கூடவே கொண்டுவந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் சுவரில் தொங்கி வெளுத்த அந்தத் தாளில்கூட ஜடையின் ஒவ்வொரு கல்லும் தனியாகத் தெரிகிறது.

எங்கள் முதலாளி அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "அப்போது ஸ்கேனர் ஆபரேட்டர் என்று தனியாக ஓர் ஆள் இருந்தார், மெஷின்மேனைவிட அவருக்குச் சம்பளம் அதிகம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஆள் செய்த வேலை எது, அதை இன்றைய கருவியில் எவ்வளவு தூரம் செய்ய முடியும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய டிரம்

தம்பி, நான் 1986 முதல் 2003 வரை கலர் ஸ்கேனரில் உட்கார்ந்திருந்தவன். தொடக்கத்தில் ஜெர்மனியின் கீல் நகரத்து ஹெல் நிறுவனத்தின் குரோமாகிராஃப், பிறகு ஜப்பானின் ஸ்கிரீன் நிறுவன இயந்திரம். அன்றைய வேலையின் அடிப்படையை முதலில் தெரிந்துகொண்டால் உங்கள் புரூஃபில் நடந்தது தானே விளங்கும்.

நான் கற்றுக்கொண்ட இயந்திரத்தில் படத்தைக் காட்டும் திரை கிடையாது. ஒரு பக்கம் படம் ஒட்டிய கண்ணாடி போன்ற அக்ரிலிக் உருளை, மறுபக்கம் பிலிம் சுற்றிய உருளை, நடுவே குமிழ்கள் நிறைந்த ஒரு பலகை, அவ்வளவுதான். உருளை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். உள்ளிருந்து ஓர் ஒளிப்புள்ளி படத்தை ஊடுருவி வெளியே வரும். அது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிந்து போட்டோமல்ட்டிப்ளையர் என்ற ஒளியுணர் குழாய்களுக்குள் போகும். அங்கே பிறக்கும் மின்னோட்டத்தை இயந்திரம் அப்போதே சியான் (பசுநீலம்), மெஜந்தா (ஊதாச்சிவப்பு), மஞ்சள், கருப்பு என்று நான்கு மைகளாகக் கணக்கிட்டு மறுபக்கத்துப் பிலிமில் புள்ளிகளாக எழுதிவிடும். டெவலப் செய்து எடுக்கும் வரை என்ன வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தவறினால் நான்கு பிலிமும் குப்பைக்குப் போகும், அதன் விலை நம் தலையில் விழும். ஆகையால் படத்தை உருளையில் ஏற்றுவதற்கு முன்பே அது அச்சில் எப்படி இருக்க வேண்டும் என்பதை எண்களாக முடிவுசெய்துவிட வேண்டியிருந்தது. சம்பளம் அந்த முடிவுக்குத்தான்.

ஏன் முடிவுசெய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். நல்ல டிரான்ஸ்பரன்சி ஒன்றின் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள அடர்த்தி (ஒளியை மறைக்கும் அளவு) வித்தியாசம் 3.0ஐத் தாண்டும். நல்ல ஆர்ட் பேப்பரில் நான்கு மையையும் சேர்த்து அடித்தாலும் 1.8 அல்லது 2.0க்கு மேல் போவது கடினம். பத்துப்படி அரிசியை ஆறுபடிப் பானையில் கொட்டும் கதைதான். எது உள்ளே இருக்க வேண்டும், எது சிந்தினால் பரவாயில்லை என்பதை யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லவில்லை என்றால் மென்பொருள் எல்லா இடத்திலும் சமமாக நசுக்கும்; அதைத்தான் உயிர் போய்விட்டது என்கிறீர்கள்.

முதல் முடிவு ஹைலைட், அதாவது படத்தின் மிக வெளிச்சமான இடம். லைட் டேபிளில் படத்தை வைத்து லூப் என்ற உருப்பெருக்கியால் பாருங்கள். கண்ணன் படத்தில் குத்துவிளக்கின் மீது பளிச்சென்று ஓர் ஒளிக்கீற்று இருக்கும், யசோதையின் தலையில் மல்லிகைச் சரமும் இருக்கும். தானியங்கி அமைப்பு அந்தக் கீற்றைத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொண்டால் மல்லிகை சாம்பல் பூத்துவிடும், அதோடு சேர்ந்து முழுப் படமும் மங்கிவிடும். நாங்கள் மல்லிகையின் இதழில் அளவுப்புள்ளியை வைத்து, அங்கே சியான் 5, மெஜந்தா 3, மஞ்சள் 3 சதவீதம் என்று நிறுத்துவோம். கீற்று தன் பாட்டுக்குப் பூச்சியமாகி வெறுந்தாளாக நின்றுவிடும், அது நிற்கவும் வேண்டும். சியான் மட்டும் ஏன் கூடுதல் என்றால், மூன்று மையையும் சமமாக அடித்தால் சாம்பல் வராது, செம்பழுப்புத்தான் வரும். நடுத்தர அடர்த்தியில் சியான் 50க்கு மற்ற இரண்டும் 40 அளவில் இருந்தால்தான் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியும்.

இரண்டாவது முடிவு ஷேடோ, அதாவது மிக இருண்ட இடம். ஜடையில் கல் தெரிய வேண்டுமென்றால் கூந்தலின் மிக இருண்ட இடத்தைச் சியான் 80, மெஜந்தா 70, மஞ்சள் 70, கருப்பு 80 என்ற அளவில் நிறுத்தி, அதற்குச் சற்று மேலே உள்ள அடர்த்திகளைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். அதற்கு விலையாகப் பின்னணித் திரைச்சீலையின் மடிப்புகள் ஓரளவு தட்டையாகும். பரவாயில்லை, காலண்டர் வாங்குகிறவர் திரைச்சீலையைப் பார்ப்பதில்லை.

கண்ணன் கத்தரிப்பூ நிறமானதற்குக் காரணம் மெஜந்தா. நீலம் நீலமாக நிற்க வேண்டுமென்றால் மெஜந்தா சியானைவிட 30 புள்ளிகளாவது தாழ்ந்திருக்க வேண்டும். சியான் 90 என்றால் மெஜந்தா 55, 60க்குள் நிறுத்துங்கள். முகத்துக்கு வேறு கணக்கு: நம் ஊர்த் தோலுக்கு மஞ்சள் மெஜந்தாவைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும், சியான் மெஜந்தாவில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் முகம் அடங்கும். சியான் 16, மெஜந்தா 42, மஞ்சள் 50 என்று தொடங்கிப் பாருங்கள். சிவந்துபோன முகத்தில் மெஜந்தாவைக் குறைக்கத்தான் கை போகும். பல நேரம் சியானை நான்கு புள்ளி கூட்டினாலே போதுமானதாக இருக்கும்.

பொன் நகைக்கு ஒரே எண் கிடையாது. உடல் பகுதி மெஜந்தா 35, மஞ்சள் 90 என்று இருக்கும்போது, அதன் மினுக்கம் வெறும் மஞ்சள் 30ஆக இறங்க வேண்டும், நிழல் பக்கம் சியானும் கருப்பும் ஏற வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் பொன் கடுகு நிறமாகிவிடும்.

எண்களை மட்டும் நம்பியவன் கெட்ட கதை ஒன்றும் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு பட்டுப்புடவைக் கேட்டலாக் வந்தது. பன்னிரண்டு டிரான்ஸ்பரன்சிகள். ஒன்றில் இருந்த வெள்ளைப் புடவையில் மஞ்சள் சாயல் அடித்தது. கேஸ்ட் (படம் முழுவதும் படியும் தவறான சாயல்) என்று நினைத்து அதைச் சுத்தமாக நீக்கினேன். அதே பிலிம் ரோலில் எடுத்தவை என்பதால் மற்ற பதினொன்றுக்கும் அதே திருத்தத்தைப் போட்டேன். புரூஃபைப் பார்த்த பார்ட்டி ஒன்றும் பேசாமல் போய், மறுநாள் அந்தப் புடவையையே பையில் எடுத்து வந்து என் மேசையில் விரித்தார். அது சந்தன நிறம். நாற்பத்தெட்டு பிலிம்கள் வீணாகின. அதற்குப் பிறகு, படத்தில் இருக்கும் பொருளின் உண்மையான நிறம் என்ன என்று கேட்காமல் எந்தப் படத்தையும் உருளையில் ஏற்றியதில்லை.

பதில்: நாலு கலர் மெஷின்

பெரியவர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆஃப்செட் மெஷினில் நின்றவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்: அவர் கொடுத்த எண்கள் அவருடைய அச்சகத்தின் மெஷினுக்கும் மைக்கும் தாளுக்கும் உரியவை. உங்கள் பிளேட்டில் 50 என்று இருக்கும் புள்ளி, உருளை அழுத்தத்தில் பரவி, ஆர்ட் பேப்பரில் 65ஐ ஒட்டியும், பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் 70ஐத் தாண்டியும் விழலாம். முகம் சிவந்ததில் ஒரு பகுதி ஸ்கேனுடைய குற்றமாகவும், இன்னொரு பகுதி மெஜந்தா யூனிட்டில் புள்ளி பரவுவதன் குற்றமாகவும் இருக்கக்கூடும். புரூஃபிலேயே சிவந்ததா, மெஷினில் ஏறியபின் இன்னும் சிவந்ததா என்று பிரித்துப் பார்க்காமல் ஸ்கேனரைத் திட்டுவதில் பயனில்லை.

அந்தக் காலத்து நல்ல ஆபரேட்டர்கள் இதை அறிந்திருந்தார்கள். எங்கள் அச்சகத்துக்கு செபரேஷன் (நான்கு வண்ணப் பிலிம்களாகப் பிரிப்பது) செய்து கொடுத்த ஒருவர், புதிய மை வாங்கினோம் என்று கேள்விப்பட்டாலே மெஷின் அருகில் வந்து நின்றுவிடுவார். முதல் நூறு தாள் ஓடியதும் நடுவிலிருந்து ஒரு தாளை உருவி, ஓரத்தில் உள்ள வண்ணப் பட்டையை டென்சிட்டோமீட்டரால் (மையின் அடர்த்தியை அளக்கும் கருவி) அளந்து, சிகரெட் அட்டையின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு போவார். அடுத்த வேலையின் பிலிமில் அந்தக் குறிப்பின் விளைவு தெரியும். உங்கள் அச்சகத்திலும் ஒரு சோதனைப் பிளேட் போட்டு, உங்கள் தாளில் ஓட்டி, அதிலிருந்து உங்களுக்கே உரிய ஐசிசி புரொஃபைல் (உங்கள் அச்சில் வண்ணம் எப்படி விழும் என்று சொல்லும் கணினிக் கோப்பு) ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். பெரியவர் மனத்தில் வைத்திருந்த அட்டவணையைத்தான் அந்தக் கோப்பு சுமக்கிறது. அவர் விடுப்பில் போனால் அட்டவணையும் விடுப்பில் போகும், கோப்பு போகாது. நினைவாற்றலைப் புகழ்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மூன்று ஷிஃப்டுக்கு மூன்று ஆபரேட்டர் இருந்த இடத்தில் மூன்று விதமான முருகன் வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று மொத்த மை அளவு. நான்கு வண்ணத்தின் சதவீதங்களையும் கூட்டினால் 300ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கூந்தல் குழம்பில் அது 350ஆவது இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த அளவு மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். பவுடரைக் கூட்டினால் தாள் சொரசொரக்கும். பிறகு மேலே வார்னிஷ் பிடிக்காது. நிழலில் மூன்று வண்ணங்களையும் குறைத்து அந்த இடத்தைக் கருப்பால் நிரப்பும் முறையைத்தான் அந்தக் காலத்தில் யூசிஆர் என்றார்கள். இன்று மென்பொருளில் ஜிசிஆர் என்ற பெயரில் சாம்பல் சேரும் எல்லா இடத்துக்கும் அதை விரிக்கலாம். காலண்டருக்கு நடுத்தர அளவே போதும். கூட்டிவிட்டால் முகத்தில் கரி பூசியது போலாகும்.

பதில்: ஏட்டுக்காவலன் (சென்னை)

நான் அச்சுத்தொழிலைச் சேர்ந்தவன் அல்லன். பழைய நூல்களையும் புகைப்படங்களையும் மின்னுருவாக்கும் பணியில் இருக்கிறேன். மேலே பேசிய இருவரும் காலண்டரைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நான் டிரான்ஸ்பரன்சியைப் பற்றியும் ஓவியத்தைப் பற்றியும் கவலைப்படுகிறேன்.

சிவகாசிக் காலண்டர் ஓவியம் என்பது இன்று வெறும் பார்ட்டி கொடுத்த ஆர்ட்வொர்க் அன்று. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய மரபு அது. அச்சிட்ட காலண்டர்கள் ஆயிரக்கணக்கில் வீடுகளில் தங்கின; மூல ஓவியங்களோ அச்சகத்துப் பரண்களில் கறையான் தின்று அழிந்தன. ஆகவே தயவுசெய்து அந்த மூன்று ஓவியங்களைப் பிளாட்பெட்டின் கண்ணாடிமீது கவிழ்த்து மூடியால் அழுத்தாதீர்கள். போஸ்டர் கலர் மேல்பூச்சு அற்றது, உராய்ந்தாலே பொடியும். நேராக நிறுத்திவைத்து, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, நல்ல கேமராவால் எடுங்கள். 24 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டையை ஓரத்தில் சேர்த்து எடுத்தால், பிற்பாடு சாம்பல் எது என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

டிரான்ஸ்பரன்சிக்கு எண்ணெய் பூசி உருளையில் ஏற்றும் முறையை யாரேனும் பரிந்துரைக்கலாம். எண்ணெய் கீறல்களை மறைக்கும், கண்ணாடியில் படம் ஒட்டும்போது தோன்றும் நியூட்டன் வளையங்கள் என்ற வண்ண வட்டங்களைத் தடுக்கும் என்பது உண்மை. எனினும் பூஞ்சை படிந்த, எமல்ஷன் (படத்தைத் தாங்கும் பூச்சு) தளர்ந்த பழைய பிலிமுக்கு அது ஆபத்து. மென்மையான தூரிகையாலும் காற்றுக் குமிழாலும் தூசியைத் தட்டிவிட்டு, கண்ணாடியைத் தொடாமல் பிலிமைத் தாங்கும் சட்டத்தில் வைத்தால் போதும்.

முக்கியமாக, முதல் ஸ்கேனிலேயே காலண்டருக்கான திருத்தத்தைச் செய்துவிடாதீர்கள். 16 பிட் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலம்), எதுவும் வெட்டுப்படாமல், ஒரு மூலக்கோப்பைச் சேமியுங்கள். மல்லிகையை எங்கே நிறுத்துவது, திரைச்சீலையை விட்டுக்கொடுப்பதா என்ற முடிவெல்லாம் அதன் நகலில் நடக்கட்டும். பெரியவருடைய காலத்தில் இயந்திரம் நேராகப் பிலிமில் எழுதியதால் முடிவை முதலிலேயே எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் இப்போது இல்லை.

அளவைக் கணக்கிடுவது எளிது. 4 அங்குலம் 20 ஆக வேண்டுமென்றால் ஐந்து மடங்கு, 5 அங்குலம் 30 ஆக வேண்டுமென்றால் ஆறு மடங்கு, பெரியதையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 150 வரிப் புள்ளிகள் விழும் அச்சு ஸ்கிரீனுக்கு அதன் இரு மடங்கான 300 பிக்சல் வேண்டும்; ஆறால் பெருக்க, அங்குலத்துக்கு 1800 பிக்சலில் ஸ்கேன் செய்ய வேண்டும். முடிவில் வரும் நான்கு வண்ணக் கோப்பு ஏறத்தாழ 216 மெகாபைட். டிரான்ஸ்பரன்சிகளில் கோடாக்ரோம் என்ற வகைப் பிலிம் ஏதேனும் இருந்தால் அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அதன் சாயங்கள் மற்ற பிலிம்களினுடையவை போன்றவை அல்ல. எக்டாக்ரோம் போன்ற மற்ற பிலிமுக்கு அமைத்த ஸ்கேனரில் அது நீலம் அடிக்கும்.

மறுமொழி: வண்ணப்பிழை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கண்ணன் படத்தை மறுபடி ஸ்கேன் செய்தேன். மூலக்கோப்பை அப்படியே ஒதுக்கி வைத்து, நகலில் மல்லிகையை 5, 3, 3 என்று நிறுத்தியதும் படம் முழுவதும் திரை விலகியது போல ஆனது. நீலத்தில் மெஜந்தாவை 57க்கு இறக்கினேன். கண்ணன் கண்ணனாக வந்துவிட்டான். கூந்தலில் மொத்த மை 362 இருந்தது. நாலு கலர் மெஷின் அண்ணாச்சி ஊகித்த 350 குறைவுதான். 300க்குக் கொண்டுவந்தபின் ஜடையில் ஒன்பது கற்களை எண்ண முடிகிறது. பழைய காலண்டரில் பதினொன்று இருக்கின்றன.

இரண்டு ஐயங்கள் மீதியிருக்கின்றன. அந்த இரண்டு கற்களும் எங்கே போயின? அடுத்தது, ஓவியம் ஒன்றில் லட்சுமியின் தாமரை கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறத்தில் இருக்கிறது. கேமராவில் எடுத்தாலும் அந்த வெளிச்சம் வரவில்லை. மெஜந்தாவை 100க்கு ஏற்றினாலும் ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இறந்த நிறமாகத் தெரிகிறது.

பதில்: பழைய டிரம்

கற்கள் இரண்டும் உங்கள் ஸ்கேனரின் சென்சாரில் போயின. பிளாட்பெட்டின் பெட்டியில் அடர்த்தி 4.0 என்று அச்சிட்டிருந்தாலும் நடைமுறையில் அது அவ்வளவு ஆழம் பார்ப்பதில்லை. இருட்டில் இரைச்சல்தான் பதிவாகும். போட்டோமல்ட்டிப்ளையர் குழாய் அந்த இருட்டிலும் பார்க்கும். பல முறை ஸ்கேன் செய்து சராசரி எடுக்கும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் முயன்று பாருங்கள், ஒரு கல் மீளலாம். கூர்மையும் ஒரு காரணம். எங்கள் இயந்திரத்தில் நான்காவதாக ஒரு குழாய் இருந்தது. அது அதே இடத்தைச் சற்று அகன்ற துளை வழியாக மங்கலாகப் பார்க்கும். கூர்மையானதற்கும் மங்கலானதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து விளிம்புகளில் சேர்க்கும். போட்டோஷாப்பில் அன்ஷார்ப் மாஸ்க் என்று இருப்பது அதன் வாரிசு. இறுதி அளவுக்குக் கொண்டுவந்தபிறகே அதைப் போடுங்கள். நகைக்குத் தாராளமாகவும், முகத்துக்கு அறவே இல்லாமலும் போடுங்கள். ஏட்டுக்காவலன் ஐயா மூலக்கோப்பைப் பற்றிச் சொன்னது சரி. எங்களுக்கு அந்த வசதி இருந்திருந்தால் சந்தன நிறப் புடவைக்காக நாற்பத்தெட்டு பிலிம்கள் வீணாகியிருக்காது.

தாமரைக்கு வழி நான்கு மையில் கிடையாது. அது ஒளிரும் சாயம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் வாங்கி ரோஜா நிறமாகத் திருப்பித் தருவதால்தான் அப்படிக் கண்ணைப் பறிக்கிறது. உங்கள் மெஜந்தா மை தன்மேல் விழுவதைவிட அதிகமாகத் திருப்பித் தர முடியாது. ஐந்தாவது பிளேட் போட்டு ஃப்ளோரசன்ட் மெஜந்தாவைத் தாமரைக்கு மட்டும் அடிக்கலாம். செலவைப் பார்ட்டி ஏற்க வேண்டும், அந்த மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செலவு வேண்டாம் என்றால், தாமரையில் சியானைப் பூச்சியமாக்கி, கருப்பை முழுக்க எடுத்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள இலைகளின் பச்சையை இரண்டு மூன்று புள்ளி அடக்குங்கள். பக்கத்தில் உள்ளவை அடங்கினால் பூ எழும்பித் தெரியும். பார்ட்டியிடம் புரூஃபைக் காட்டும்போது ஓவியத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அவர் கொண்டுவந்த பழைய காலண்டரைப் பக்கத்தில் வையுங்கள். அவருக்கு வேண்டியது அதுதான்.